வாசகர் கேள்வி – பதில்: இஞ்சித் தண்ணீரும் எங்கள் கிணற்று நீரும்

கேள்வி: வணக்கம் அம்மா. தினமும் காலையில் இஞ்சியை வெட்டிப் போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன். உறைப்பு தொண்டையைப் பிடிக்கிறது. ஆனால் இஞ்சியின் மணம் கொஞ்சமும் இல்லை. எங்கே பிழை விடுகிறேன்?
– வாசகி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: அன்பு மகளே, அடுப்பில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். பச்சை இஞ்சிக்கு உறைப்பைக் கொடுப்பது ஜிஞ்சரோல் என்னும் பொருள். இஞ்சி காயும்போதும் நெடுநேரம் சூடேறும்போதும் அதில் ஒரு பகுதி ஷோகோல் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. இது ஜிஞ்சரோலைவிட உறைப்புக் கூடியது. வேர்க்கொம்பு, அதாவது சுக்கு, பச்சை இஞ்சியைக் காட்டிலும் காரமாக இருப்பதற்கும் இதுவே காரணம். மணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. நீங்கள் மூடாமல் கொதிக்க வைக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் குசினி முழுவதும் மணக்கும். குவளைக்குள் உறைப்பு மட்டுமே மிஞ்சும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இரண்டு பேருக்குப் பெருவிரல் நீளத்தில் ஒரு துண்டு இஞ்சி, அதாவது ஏறத்தாழ 10 கிராம், போதும். கத்தியால் சீவினால் தோலோடு சதையும் போய்விடும் என்பதால், கரண்டியின் விளிம்பால் சுரண்டித் தோலை நீக்குங்கள். பிறகு அம்மியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுதாக அரைக்க வேண்டியதில்லை. நார் பிரிந்து சாறு கசியத் தொடங்கினால் போதும். இரண்டரைக் குவளைத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பின்னர் இஞ்சியைப் போட்டு, தணலைக் குறைத்து, மூடியால் மூடி, 8 முதல் 10 நிமிடம் வைத்திருங்கள். இறக்கியதும் மூடியைத் திறந்துவிடாமல் மேலும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால், மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும் நீர்த்துளிகள் மணத்தையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் கேத்திலுக்குள் விழும். தேசிக்காய் பிழிவதானால் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு பிழியுங்கள். சீனியைவிடப் பனங்கட்டியே இதற்குப் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டானிலிருந்து ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால், ஒவ்வொரு மிடறிலும் உறைப்பும் இனிப்பும் மாறி மாறி நாவில் நிற்கும்.

இஞ்சியை இடித்துச் சாறாகப் பிழிந்து குடிப்பவர்கள் அதைக் கால் மணித்தியாலம் அசையாமல் வைத்தால், அடியில் அரிசிமா போல வெண்மையாக ஒன்று படிவதைக் காணலாம். அதை நஞ்சு என்று சொல்லி எங்கள் பாட்டிமார் கொட்டிவிடுவார்கள். உண்மையில் அது இஞ்சியிலுள்ள மாப்பொருள்தான், அஞ்சத் தேவையில்லை. ஆனாலும் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுத்தால் சாறு மென்மையாக இருக்கும் என்பதால், அவர்களுடைய வழக்கத்தையே நானும் கைக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் காய்ச்சினால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் நல்லாகட்டும் என்று நீண்ட நேரம் கொதிக்க வைக்கிறேன். இது சரியா?
– வாசகர் ஒருவர், நெடுங்கேணி

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி கூறுகிறேன், ஏனென்றால் வன்னியில் இஞ்சியைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த வெள்ளைப் படிவு, நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துச் சூடேறும்போது பிரிந்து ஒட்டுவதால் உண்டாகிறது. பிழிந்த தேசிக்காய்த் தோல்களைப் போட்டு ஒருமுறை தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊறவிட்டால் அது இளகிக் கழன்றுவிடும்.

ஆனால் கொதிக்க வைப்பது கிருமிகளை மட்டுமே அழிக்கும். உலர் வலயத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் கூடுதலாக இருக்கும் புளோரைட்டு கொதிப்பதால் நீங்காது. தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சுகிற நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். வவுனியா மாவட்டத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை வாட்டுகிறது என்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே, நாளாந்தம் இஞ்சித் தண்ணீர் குடிக்கும் வீட்டில் அதற்குச் சுத்திகரிப்பு நிலையத்து நீரையோ, மாரி காலத்தில் முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு அதன் பின் சேகரித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஒரே இஞ்சியை மழைநீரிலும் கிணற்று நீரிலும் தனித்தனியே காய்ச்சிப் பார்த்திருக்கிறேன். மழைநீரில் மணம் தெளிவாக எழுந்தது.

கேள்வி: என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள், காலையில் குமட்டல். என் மாமியார் இருதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர். இருவருக்கும் இஞ்சித் தண்ணீர் கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: குமட்டலைத் தணிப்பதில் இஞ்சிக்கு நல்ல பெயர் உண்டு, ஆய்வுகளும் அதைக் கர்ப்ப காலக் குமட்டலுக்குப் பரிசோதித்திருக்கின்றன. மகளுக்கு மெல்லியதாகக் காய்ச்சி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவமாதுவிடம் அதைச் சொல்லியும் வையுங்கள். மாமியாரின் நிலை வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், வைத்தியரிடம் கேட்காமல் நாளாந்தம் இஞ்சி கொடுக்காதீர்கள். நெஞ்செரிவு உள்ளவர்களும் வெறுவயிற்றில் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்குப் பனங்கட்டியும் இனிப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: இஞ்சி தட்டிப் போட்டால் பால் திரைந்துவிடுகிறதே?
– வாசகி ஒருவர், மல்லாவி

பதில்: பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு, மிதமான சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், கொதிநிலையில் செயலிழந்துவிடும். முதலில் இஞ்சியைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு பாலை ஊற்றுங்கள்.

கேள்வி: சோளக வெயிலில் சுடச்சுடக் குடிக்க முடியவில்லை. ஆற வைத்துக் குடிக்கலாமா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலில் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே பனங்கட்டியைக் கரைத்து வடித்து, ஆறிய இஞ்சித் தண்ணீரையும் தேசிக்காய்ச் சாற்றையும் ஒரு விரல்நுனி உப்பையும் சேர்த்து, மண்பானையில் ஊற்றி நிழலில் வையுங்கள். காலையில் செய்ததை அன்று மாலைக்குள் குடித்து முடித்துவிடுங்கள். மறுநாள் அது புளித்துவிடும்.