எல்லாம் மாற்றியும் கூலன்ட் குறைகிறது, ஹெட்டை இறக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1960-களில் வந்த பெட்ரோல் கார். ரேடியேட்டர், ஹோஸ்கள், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அடியில் சில நாள் ஈரம், சில நாள் இல்லை. ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை, இறக்கச் சொல்கிறார்கள். இறக்கட்டுமா?

பதில்: இறக்காதீர்கள். மூன்று பாகம் மாறியிருக்கிறது, ஆனால் கசிவை யாராவது கண்ணால் பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. இந்தத் தொழிலின் லட்சணம் அது. பாகத்தை மாற்றினால் பில் போடலாம், தேடிப் பார்த்ததற்குப் பில் போட முடியாது. அதனால் யாரும் தேடுவதில்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்கள் காரில் விரியும் கூலன்ட்டைப் பிடித்து வைக்கத் தனியாக எக்ஸ்பான்ஷன் டேங்க் இருக்கிறதா? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கிடையாது. கூலன்ட் சூடானால் விரியும். கழுத்துவரை நிரப்பியிருந்தால், விரிந்தது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போய்த்தான் ஆக வேண்டும். மறுநாள் காலையில் குறைந்திருப்பதைப் பார்த்து நீங்கள் மறுபடி நிரப்புகிறீர்கள், அது மறுபடி துப்புகிறது. இது கசிவே இல்லை! இன்ஜின் ஆறியிருக்கும்போது, கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். உள்ளே ரேடியேட்டர் குழாய்களின் வாய் மூழ்கியிருந்தால் போதும். ஒரு வாரம் ஊற்றாமல் ஓட்டுங்கள், அளவை மட்டும் தினமும் பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டால் எவ்வளவு வெளியேறுகிறது என்பதும் தெரிந்துவிடும். அளவு ஓரிடத்தில் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது, ரேடியேட்டர் மூடியை மட்டும் சரிபாருங்கள்.

மூடி என்று அலட்சியம் வேண்டாம். 7 பிஎஸ்ஐ (பிஎஸ்ஐ என்பது அழுத்த அளவு) மூடி இருக்க வேண்டிய இடத்தில் 'இது இன்னும் பலமானது' என்று 13 அல்லது 15 பிஎஸ்ஐ மூடியைத் தலையில் கட்டுவார்கள். அதை மாட்டினால் பழைய ஹீட்டரும் ரேடியேட்டர் பற்றவைப்பும் புதிதாக ஒழுகத் தொடங்கும். கழுத்தின் ஆழத்திலும் இரண்டு வகை உண்டு, சுமார் 19 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர். ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் அது அடைக்கவே அடைக்காது. பாகம் விற்பவர்களில் இதைக் கேட்டு விற்பவர் அபூர்வம்.

அளவு தொடர்ந்து இறங்கினால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜினில், மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்ற வேண்டும். சூடான இன்ஜினில் சொட்டு உடனே ஆவியாகிவிடும், ஆறியதில்தான் கண்ணில் படும். கால் மணி நேரம் பொறுங்கள். ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, டேஷ்போர்டுக்குக் கீழே கார்ப்பெட் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முக்கியமாக இன்ஜின் பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகள். உள்ளிருந்து துருப்பிடிக்கும் மெல்லிய தகடுகள் அவை. மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் கைப்பம்பின் அழுத்த முள் மட்டும் இறங்கினால்தான், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போதும் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாகும். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைக் குழம்பு படிந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது வரும்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், 'உங்கள் ஹெட்டைக் கொடுங்கள், ரெடியாக வைத்திருக்கும் ஹெட்டை மாட்டித் தருகிறேன்' என்று ஒரு இடைத்தரகர் கட்டாயம் முளைப்பார். அவர் தரும் ஹெட் எத்தனை முறை மட்டம் செய்ய இழைக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் அசல் ஹெட் வேறு யாருக்கோ நல்ல விலைக்குப் போகும். உங்கள் ஹெட்டில் வார்த்திருக்கும் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதே ஹெட்டைத்தான் திரும்பக் கேட்க வேண்டும்.

அதுவரை கசிவடைப்புத் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டரின் சின்னக் குழாய்களை அடைத்துவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, டெஸ்டுக்கு முன் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள்.