எப்போதும் அக்காதான் விட்டுக்கொடுக்கணுமா?

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்காக வரைந்து வைத்திருந்த சார்ட்டில் தம்பி தண்ணீரைக் கொட்டிவிட்டான். "தண்டம்! நீயெல்லாம் எதுக்குடா பொறந்த?" என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இனியவை கூறல்' பத்துக் குறளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் இவள். மூத்தவள் நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அன்றைக்கும் சாரி சொல்ல வைத்தேன். கல்லெறிகிற மாதிரி ஒரு சாரி சொல்லிவிட்டுப் போனாள். அன்பாகப் பேசவும் மன்னிக்கவும் பிள்ளைகளுக்கு எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

இன்னொன்று. மகன் கண்ணாடி போடுகிறான். வகுப்பில் ஒரு பையன் அவனை "சோடாபுட்டி" என்று கூப்பிடுகிறான். "நீயும் ஒரு பட்டப்பேர் வச்சுத் திருப்பிச் சொல்லு" என்கிறார் அவன் அப்பா. இது சரியா?

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொன்னது, நீங்கள் சொன்னது, அவள் சாரி சொன்ன விதம் எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அந்த சார்ட் என்ன ஆயிற்று என்பது மட்டும் இல்லை. மறுநாள் அதைக் கொண்டுபோக வேண்டியிருந்ததா? ஸ்கெட்ச் பேனா மை ஊறிப் பரவிய சார்ட்டை யாராவது வெயிலில் காயப்போட்டுப் பார்த்தீர்களா? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். "எதுக்குடா பொறந்த" கொடுமையான பேச்சு, சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைய விசாரணை முழுக்க அந்தப் பேச்சைப் பற்றியே நடந்து முடிந்திருக்கிறது. நஷ்டப்பட்டவளே குற்றவாளி ஆகிவிட்டாள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2016-இல் வெளியானது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பிளாஸ்டிக் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். கட்டி முடிக்கப்போகும் நேரத்தில், கூட இருக்கும் பெரியவர் ஒரு கப்பை எடுக்கப்போய் மொத்தத்தையும் சரித்துவிடுவார். சில பிள்ளைகளிடம் சாரி சொன்னார்கள். சிலரோடு சேர்ந்து மறுபடி அடுக்கினார்கள். சிலரிடம் எதுவும் சொல்லவில்லை. வெறும் சாரி கேட்ட பிள்ளைகளுக்கு, ஒன்றுமே கேட்காத பிள்ளைகள் அளவுக்கே வருத்தம் இருந்தது. கூட உட்கார்ந்து கட்டிக்கொடுத்தபோதுதான் மனசு கொஞ்சம் தேறியது. அதற்காக சாரி வீண் என்று அர்த்தமில்லை. சரித்த ஆள்மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருக்காமல் இருக்க அது உதவியது. ஆனால் சரிந்து கிடப்பதற்கு அது பதில் ஆகாது.

அதனால் முதல் வேலையாக ஒரு புது சார்ட் வாங்குங்கள். ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது, படத்தை வெட்டிப் பசை தடவிக் கொடுப்பது எல்லாம் தம்பி பொறுப்பு. கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அவனுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டாமா? உங்கள் கடிதப்படி அன்றைக்கு சாரி சொன்னது அக்கா மட்டும்தான்.

அப்புறம் அந்த 'மூத்தவள் நீதான் விட்டுக்கொடுக்கணும்'. இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம் ஊரில் எந்த மூத்த பெண்ணும் வளர்ந்ததில்லை. ரிமோட், ஜன்னலோர சீட், கடைசி முறுக்கு, எல்லாவற்றுக்கும் இதுவே தீர்ப்பு. மனசார விட்டுக்கொடுப்பது ஒன்று. வழக்கமாகப் பிடுங்கப்படுவது வேறு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பறிகொடுக்கிறவளுக்குத் தெரியும். "தண்டம்" அந்த ஒரு சார்ட்டுக்காக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவள் தப்பு செய்யும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்களேன். விருந்தாளி கை தவறி காபியைக் கொட்டினால் "பரவாயில்லைங்க, விடுங்க, துணி எடுத்துட்டு வரேன்" என்கிறோம். அதே காபியைப் பிள்ளை கொட்டினால் "கண்ணு எங்கடி இருக்கு?" என்று ஆரம்பித்து, போன மாதம் உடைத்த கண்ணாடி டம்ளர் வரைக்கும் போய்விடுகிறோம். இந்த இரண்டு நாக்கையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளியாளுக்கு ஒரு பேச்சு, வீட்டு ஆளுக்கு ஒரு பேச்சு என்ற பாடத்தை அவள் நன்றாகவே படித்திருக்கிறாள்.

குறள் ஒப்பித்த பிள்ளை இப்படிப் பேசலாமா என்று மலைத்துப்போயிருக்கிறீர்கள். அந்தப் போட்டி ஞாபகசக்திக்கு வைத்தது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத் தேவையான குறள் வேறொன்று இருக்கிறது, பொறையுடைமையில். "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று." பொறுப்பதோடு நிறுத்தாமல் மறந்துவிடவும் சொல்கிறார். நாம் பொறுத்துவிடுகிறோம், கணக்கை மட்டும் அழிப்பதில்லை. "அன்னைக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்காத திட்டு நம் வீடுகளில் உண்டா? அதிலும் அத்தையிடமும் பாட்டியிடமும் போனில் "இவ வாயைக் கேட்டா நீங்க மயங்கி விழுந்துடுவீங்க" என்று, அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வது இருக்கிறதே, அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

உண்மையில் பிள்ளைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். காலையில் காய் விடுகிறார்கள், சாயங்காலம் பழம் விட்டுவிடுகிறார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்ற விசாரணை இல்லை, விளக்கம் இல்லை. நாம் நடுவில் புகுந்து பஞ்சாயத்து வைக்கும்போதுதான், ஜெயித்தவர் தோற்றவர் என்று ஆகி சண்டை ராத்திரி வரைக்கும் நீள்கிறது. சாரி சொல்லச் சொல்வதில் தப்பில்லை. சூடு ஆறியபிறகு சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி வாங்குகிற சாரி யாருக்கும் ஆறுதல் தராது. வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கே அது தெரியும்.

கோபப்படாதே என்று அவளிடம் சொல்லாதீர்கள். கோபத்துக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். "நாலு நாளா வரைஞ்சேன்டா, எனக்கு அழுகையா வருது" என்று அவள் கத்தட்டும், சத்தமாகவே கத்தட்டும். தம்பிக்கு உறைக்கும். அவன் பிறந்ததைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

சோடாபுட்டி விஷயம். உங்கள் வீட்டுக்காரரின் ஆதங்கம் புரிகிறது. கவுண்டமணி செந்திலைத் திட்டுவதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம், பட்டப்பேர் நமக்கு விளையாட்டு. ஆனால் அங்கே திட்டு வாங்க செந்தில் சம்பளம் வாங்கினார். உங்கள் பையன் திருப்பி ஒரு பேர் வைத்தால், வகுப்பில் பட்டப்பேர் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். "எனக்கு அது பிடிக்கல, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று அவனை வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழக்குங்கள். சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ இல்லாமல், நேராகப் பார்த்து. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். அவன் அப்பா போய் வகுப்பு டீச்சரைப் பார்க்கட்டும். அந்தப் பையனை கேட்டில் பிடித்து மிரட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவனுக்கும் ஆறு வயதுதான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா