ஸ்கைரிம் வீடியோ கேமில் ஆஞ்சியின் வில் பயிற்சியை எப்படி முடித்தீர்கள்? அந்தப் பரிசுக்காக அவ்வளவு மெனக்கெடலாமா?

இப்படிக் கேட்டுவிட்டு, நேரக்கணக்கு வரும் கட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறை தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் சரியாக அதே இடத்தில்தான் மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தவன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த பிறகும் அந்தப் பனிமலை மேலேயே நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்துதான் முடித்தேன். அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதை விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிமில், ஃபால்க்ரீத் ஊர்ப்பக்கம் மலைமேல் ஒரு மரக்குடிசை இருக்கிறது. அங்கே ஆஞ்சி என்ற பெண் தனியாக வாழ்கிறாள். பேச்சுக் கொடுத்தால் வில்வித்தை சொல்லித்தருகிறேன் என்பாள். சம்மதித்தால் ஒரு சைடு க்வெஸ்ட், அதாவது முக்கியக் கதைக்கு வெளியே ஒரு பணி, தொடங்கும். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'நிதானம், வேகம், துல்லியம்'. பக்கத்தில் சில இலக்குப் பலகைகள், தள்ளி உயரத்தில் ஒன்று. அவசரமில்லாமல் அடிப்பது, சில வினாடிகளுக்குள் அடிப்பது, தூரத்தில் இருப்பதை அடிப்பது என்று படிப்படியாகக் கடினமாகும். பயிற்சிக்கென்று அவளே தனி அம்புகள் தருவாள். அந்த அம்புகளால்தான் அடிக்க வேண்டும்.

முதலில் உங்கள் கையில் என்ன வில் இருக்கிறது என்று பாருங்கள். நான் அங்கே போனபோது என்னிடம் எபனி வில் இருந்தது. இருப்பதிலேயே பலமானதைத்தானே எடுப்போம் என்று அதையே எடுத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஸ்கைரிமில் வில்லின் பலம் கூடக் கூட, நாணை இழுக்க ஆகும் நேரமும் கூடும். டேட்ரிக், எபனி, கண்ணாடி வில்லெல்லாம் மெதுவானவை. கதையின் ஆரம்பத்திலேயே கிடைக்கும் சாதாரண நீள்வில்தான் சாதாரண வில்களில் வேகமானது, வேட்டை வில் அதற்கு அடுத்தபடி. பலகையைக் கொல்லப் போவதில்லை, தொட்டால் போதும். அதனால் சேதம் எவ்வளவு என்ற எண்ணுக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஒரு நீள்வில்லை எடுத்துக்கொண்டு போனவுடனேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது. டான்கார்ட் என்ற கூடுதல் கதை இணைப்பு உங்களிடம் இருந்தால், ஆர்க்ன்தாம்ஸ் என்ற, டுவெமர் என்னும் பழைய இனத்தாரின் இடிபாட்டில் செஃபிர் என்ற வில் கிடைக்கும். அது வழக்கமான வில்லைவிட 30 சதவீதம் வேகமாக எய்யும். ஆனால் இதற்காக மெனக்கெட்டு அங்கே போக வேண்டியதில்லை.

அடுத்தது அம்பு போகும் பாதை. இது புரிந்த பிறகுதான் எனக்கு அந்த விளையாட்டு முழுவதிலும் வில் கைவந்தது. திரையின் நடுவில் இருக்கும் புள்ளியை இலக்கின் மேல் வைத்து விடுகிறோம், அம்பு தலைக்கு மேலே பறந்து போகிறது. கை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கை சரியாகத்தான் இருக்கிறது. அம்பு தூரம் போகும்போது கீழே இறங்கும் என்பதால், விளையாட்டை உருவாக்கியவர்கள் அதை நேராக விடாமல் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தே விடுகிறார்கள். முதல்நபர் பார்வையில் அந்தச் சாய்வு 2 பாகை அளவுக்கு இருக்கும். தூரத்தில் நிற்கும் கொள்ளையனுக்கு அது உதவும். பக்கத்தில் இருக்கும் பலகைக்கு அதுவே எதிரி. அதனால் அருகிலுள்ள இலக்குகளுக்கு, வட்டத்தின் நடுவை விட்டுவிட்டு அதற்குச் சற்றுக் கீழே குறி வையுங்கள். எவ்வளவு கீழே என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அவசரமில்லாத முதல் கட்டத்திலேயே நாலைந்து அம்பைச் செலவழித்து அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். அப்புறம் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். நான் ஒவ்வொரு முறை தோற்ற பிறகும் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று மாறி மாறி நின்றேன். ஒவ்வொரு முறையும் கணக்கு மாறியது, கற்றது எல்லாம் வீணானது.

இன்னொன்று, நாணை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பது. முழுதாக இழுத்தால் அம்பு வேகமாக, நீட்டாகப் போகும். பாதியில் விட்டால் வேகம் குறைந்து சீக்கிரமே தாழ்ந்துவிடும். சண்டையில் பாதி இழுப்பு வீண்தான். இங்கேயோ, நேரக்கணக்கு ஓடும்போது, அருகிலுள்ள பலகைகளுக்குப் பாதிக்குச் சற்று மேல் இழுத்தாலே போதும். நேரம் மிச்சமாவதோடு, மேல்நோக்கிய அந்தச் சாய்வும் கொஞ்சம் சரிக்கட்டப்பட்டுவிடும். எந்தப் பலகையிலிருந்து எந்தப் பலகைக்கு என்று வரிசையை முன்பே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ, ஏதாவது ஒன்று. ஒரு அம்பு விட்டதுமே அடுத்ததற்கு மவுஸை அழுத்திப் பிடித்துவிட்டு, நாண் இழுபடும் நேரத்திலேயே பார்வையைத் திருப்புங்கள். நான் திரும்பி, குறி பார்த்து, அதற்குப் பிறகுதான் இழுக்க ஆரம்பித்தேன். ஒரு பலகைக்கு ஒரு வினாடி அதிலேயே போய்க்கொண்டிருந்தது.

அம்பு பட்டதா என்று நின்று பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். விட்டால் விட்டதுதான். கண் அடுத்த பலகைக்குப் போய்விட வேண்டும். எனக்கு இதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

கணினியில் விளையாடுகிறீர்களா, இல்லை கன்சோலிலா என்று நீங்கள் சொல்லவில்லை. கணினி என்றால் மவுஸை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஸ்கைரிமில் மவுஸ் முடுக்கம் என்ற ஒன்று முதலிலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும். கையை மெதுவாக நகர்த்தினால் ஓர் அளவு, சட்டென்று நகர்த்தினால் வேறு அளவு என்று பார்வை திரும்பும். பலகைக்குப் பலகை தாவும்போது கையின் கணக்குத் தவறுவது இதனால்தான். விளையாட்டின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் அதை நிறுத்திவிடலாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது அக்காவின் பழைய லேப்டாப். பனி கொட்டும் இடங்களில் திக்கித் திக்கி ஓடும். நிழல்களின் தரத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்த பிறகுதான் குறி நிலையாக நின்றது. படம் அழகு குறைந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு க்வெஸ்ட் முடியும்வரை குறைத்து வையுங்கள்.

தொலைவில் உள்ள இலக்குக்கு மேலே சொன்னது எல்லாமே தலைகீழ். முழுதாக இழுங்கள், மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், நடுவிலோ அதற்குச் சற்று மேலோ குறி வையுங்கள். வில்வித்தைத் திறன் 30 ஆகிவிட்டால் கழுகுப் பார்வை என்ற பெர்க்கை, அதாவது கூடுதல் திறமையை, எடுக்கலாம், பார்வை பெரிதாகித் தெரியும். அது ஸ்டாமினாவை, அதாவது உடல்தெம்பை, தின்னும் என்பதால் தேவையான அந்த ஒரு நொடிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். காற்று, மழை எதுவும் ஸ்கைரிமில் அம்பைத் திருப்பாது. பனிப்புயல் அடிக்கும்போது இலக்கு கண்ணுக்குத் தெரியாதே தவிர அம்பு அதே வழியில்தான் போகும். முடிந்தால் வானம் தெளியும்வரை காத்திருங்கள்.

தோற்றால் பயப்பட வேண்டாம். அவள் திட்ட மாட்டாள், மறுபடி முயற்சி செய்ய விடுவாள்.

சரி, பரிசு. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வில்வித்தைத் திறன் காசில்லாமலே ஏறும். கடைசியில் தன் வில்லை உங்களிடம் கொடுப்பாள். வேட்டை வில்லைப் போன்றதுதான் அது. டிராகன் சண்டைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. திறனை ஏற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் ரிவர்வுட் கிராமத்தில் ஃபேண்டால் என்பவன் இருக்கிறான், காசு கொடுத்தால் 50 வரை கற்றுத்தருவான். அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொடுத்த காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. வேகமாக முன்னேற வேண்டும் என்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. எண் ஏறும், ஆனால் கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. ஆஞ்சியிடம் கற்ற பிறகு நான் எய்த அம்புகளே வேறு. முன்பெல்லாம் குகையில் ஒரு டிராகரை, அதாவது நடமாடும் பிணத்தை, வீழ்த்த ஆறேழு அம்பு போகும். பாதி சுவரில் குத்தி நிற்கும்.

ஆனால் இந்த க்வெஸ்டை நான் விரும்புவதற்குக் காரணம் அந்தத் திறனும் இல்லை. பயிற்சிக்கு நடுவில் அவளிடம் நின்று பேசிப் பாருங்கள். ஏன் இங்கே தனியாக இருக்கிறாய் என்று கேளுங்கள். அவள் ஹெல்கன் ஊர்க்காரி. குடித்திருந்த இரண்டு இம்பீரியல்கள் (பேரரசின் ஆட்கள்) அவள் குடும்பத்தைக் கொன்றுவிட்டார்கள். அவள் பழிதீர்த்துவிட்டு இந்த மலைக்கு வந்துவிட்டாள். இதை அவள் பெரிதாகச் சோகப்படாமல் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுவாள்.

ஹெல்கன் எது என்று நினைவிருக்கிறதா? நம் கதை தொடங்குகிற ஊர். இம்பீரியல் படை கையைக் கட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தலையை வெட்டுமரத்தில் வைத்த இடம். ஆல்டுயின் என்ற டிராகன் வந்து எரித்ததால்தான் நாம் தப்பினோம். நமக்கு அது தப்பித்து ஓடிய ஊர், அவளுக்குக் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். இரண்டு பேரும் ஒரே ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் என்பது இரண்டாம் நாள் ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு பலகைகளை அடிக்கும்போது என் மனநிலையே மாறிவிட்டது. பழிதீர்க்க உதவிய கையால் முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். காசு கேட்கவில்லை. எதையாவது கொண்டுவா, யாரையாவது கொன்றுவிட்டு வா என்றும் கேட்கவில்லை. ஸ்கைரிமில் இப்படி எதுவும் கேட்காமல் கொடுப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்த வில்லை நான் விற்கவில்லை. ஃபால்க்ரீத்துக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி ஹார்த்ஃபயர் இணைப்பில் கட்டிய வீட்டில், நுழைந்ததும் தெரியும்படி ஆயுதத் தாங்கியில் மாட்டிவைத்தேன். புதிதாக ஆரம்பித்து விளையாடும் ஒவ்வொரு முறையும், ஹெல்கனிலிருந்து தப்பி ரிவர்வுட் போய்ச் சேர்ந்ததும் அடுத்து அந்த மலைக்குத்தான் ஏறுகிறேன். கையில் நீள்வில் ஒன்று மட்டும் இருக்கும்.

நீள்வில்லோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்போதும் நேரம் போதவில்லை என்றால் எந்த இடத்தில் நின்று, எந்த வரிசையில் அடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.