பிஎச்டிக்கும் காலாவதி தேதி உண்டு: ஏஏசிஎஸ்பி ஆசிரியர் தகுதி, கேள்வி பதில்

மேலாண்மைப் பள்ளிகளுக்கு ஏஏசிஎஸ்பி (AACSB) என்ற சர்வதேச அமைப்பு தரும் அங்கீகாரத்தில் ஆசிரியர்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பது பற்றிய கேள்விகள் இவை. பதில்கள் 2020 தரநெறிகளின்படி. உங்கள் பள்ளி எந்தப் பதிப்பின்கீழ் ஆய்வுக்குப் போகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் சார். எஸ்.ஏ., பி.ஏ., எஸ்.பி., ஐ.பி. என்று ஒரு படிவத்தில் டிக் போடச் சொல்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

தமிழில் எழுதினால் பி.ஏ. பட்டம் போலவும், எஸ்.பி. காவல்துறைப் பதவி போலவும் இருக்கும். இரண்டும் இல்லை. ஸ்காலர்லி அகாடமிக், பிராக்டிஸ் அகாடமிக், ஸ்காலர்லி பிராக்டிஷனர், இன்ஸ்ட்ரக்‌ஷனல் பிராக்டிஷனர் என்பவற்றின் சுருக்கங்கள் இவை.

உங்களையே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதலாவது, எந்த வழியாக உள்ளே வந்தீர்கள்: முனைவர் பட்டத்தோடா, முதுகலைப் பட்டமும் தொழில் அனுபவமும் கொண்டா? இரண்டாவது, இப்போது எதில் ஈடுபட்டிருக்கிறீர்கள்: ஆராய்ச்சியிலா, தொழில்துறையிலா? முனைவர் பட்டம், ஆராய்ச்சி என்றால் எஸ்.ஏ. முனைவர் பட்டம் இருந்தும் ஆலோசனைப் பணி, இயக்குநர் குழு, நிர்வாகிகளுக்கான பயிற்சி என்று போகிறவர் பி.ஏ. தொழில் அனுபவத்தில் வந்து கட்டுரை, கேஸ் ஸ்டடி எழுதுகிறவர் எஸ்.பி. அதே வழியில் வந்து தொழிலோடு தொடர்பு விடாமல் இருப்பவர் ஐ.பி. எதிலும் சேராதவர் 'அடிஷனல்'.

டிக் போடுவது உங்கள் வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சான்றுகளைக் கொடுக்க வேண்டும். பள்ளி தன் அளவுகோலை வைத்து வகை சொல்ல வேண்டும். ஆசிரியரே தன் வகையைத் தேர்ந்தெடுக்கும் படிவம் பின்னால் தலைவலியைத்தான் கொண்டுவரும்.

கேள்வி: 11 வருடம் முன்பே பிஎச்டி முடித்தவன். மாணவர் மதிப்பீட்டில் எப்போதும் முதலிடம். என்னைப் போய் 'அடிஷனல்' என்று போட்டிருக்கிறார்கள். அவமானமாக இல்லையா?

அவமானப்பட ஒன்றுமில்லை ஐயா, ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. பட்டம் உங்களை உள்ளே கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு உங்களை அந்த வகையில் வைத்திருப்பது அண்மை ஆண்டுகளின் செயல்பாடு. பெரும்பாலான பள்ளிகள் கடைசி 5 ஆண்டுகளைப் பார்க்கின்றன. நல்ல வகுப்பு எடுப்பது வேறு தரநெறியின்கீழ் பார்க்கப்படுகிறது. இந்த நான்கு வகைக்குள் அது வராது.

கடைசி 5 ஆண்டில் நீங்கள் செய்த ஆலோசனைப் பணி, தொழில்நிறுவனங்களுக்கு நடத்திய பயிற்சி, குழு உறுப்பினர் பொறுப்பு எல்லாவற்றையும் தேதியோடு எழுதிப் பாருங்கள். எஸ்.ஏ. கிடைக்காவிட்டாலும் பி.ஏ. கிடைக்கக்கூடும். பலர் இதைத் தங்கள் சிவியில் எழுதுவதே இல்லை.

கேள்வி: 5 வருடத்தில் எத்தனை கட்டுரை வேண்டும்? இரண்டு என்கிறார்கள், மூன்று என்கிறார்கள்.

ஏஏசிஎஸ்பி எந்த எண்ணையும் சொல்லவில்லை. இரண்டோ மூன்றோ, அது உங்கள் பள்ளி வைத்த எண். ஆராய்ச்சியை முன்வைக்கும் பள்ளியும் இளநிலைக் கற்பித்தலை முன்வைக்கும் பள்ளியும் ஒரே எண்ணை வைத்தால்தான், அங்கீகாரத்துக்காகப் பள்ளியைப் பார்க்க வரும் ஆய்வுக்குழு சந்தேகப்படும். பள்ளியின் நோக்க அறிக்கைக்கும் அளவுகோலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அளவுகோல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "தரமான வெளியீடு" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த இதழ்ப் பட்டியல், ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை கணக்கில் வருமா அல்லது வெளிவந்தால்தானா, பாடநூல் ஒன்று எத்தனை கட்டுரைக்குச் சமம், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை யார் எப்படி வடிகட்டுவது: இந்த நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு வருகைக்கு முந்தைய ஆண்டு அளவுகோலைத் தளர்த்தி எழுதினால், பழையதையும் கொண்டுவாருங்கள் என்று கேட்பார்கள்.

கேள்வி: பிஎச்டி முடித்தால் 5 வருடம் எஸ்.ஏ. தானாகவே கிடைக்குமாமே. வேலையில் சேர்ந்த தேதியிலிருந்தா?

இல்லை மேடம், பட்டம் வழங்கப்பட்ட தேதியிலிருந்து. வாய்மொழித் தேர்வு முடிந்த நாளோ, பணியில் சேர்ந்த நாளோ கணக்கில்லை. பட்டம் வாங்கி நான்கு ஆண்டு வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஓராண்டுதான் மிச்சம்.

ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலையில் இருப்பவருக்கும் இப்படி ஒரு சலுகை உண்டு: தகுதித் தேர்வை முடித்து ஆய்வேட்டுக் கட்டத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

இதில் பலர் சறுக்கும் இடம் ஆறாவது ஆண்டு. அன்று பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்த 5 ஆண்டுக்குள் வெளியீடுகள் இருக்க வேண்டும். ஒரு நல்ல இதழில் அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, வெளிவர ஈராண்டு ஆகிவிடுவது சாதாரணம். ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் குறைந்தது இரண்டு கட்டுரைகளாவது இதழ்களின் கையில் இருக்கட்டும். ஐந்தாம் ஆண்டில் எழுத உட்காருவது, ரயில் கிளம்பிய பிறகு டிக்கெட் வரிசையில் நிற்பது.

கேள்வி: அங்கீகாரப் பணிக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். 40, 90 சதவீதக் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா சார்?

இரண்டு வரம்புகள். எஸ்.ஏ. குறைந்தது 40 சதவீதம். நான்கு வகையும் சேர்ந்து குறைந்தது 90 சதவீதம், அதாவது அடிஷனல் 10-க்கு மேல் போகக் கூடாது. தலைகளை எண்ணக் கூடாது. ஒவ்வொருவரும் பள்ளியின் பணிக்குத் தரும் நேரத்தின் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். முழுநேர ஆசிரியர் 100. அவர் துறைத்தலைவராகவோ டீனாகவோ இருந்து ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் 100 தான். பகுதிநேரத்தவருக்கு எவ்வளவு என்று பள்ளி ஒரு விதி வைத்து, எல்லோருக்கும் அதையே பயன்படுத்த வேண்டும்.

நிதித்துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்துக்கு 25 என்பது அந்தப் பள்ளியின் விதி.

எஸ்.ஏ.: முழுநேரம் மூவர், இன்னொரு கல்லூரியோடு பாதி பகிர்ந்துகொள்பவர் ஒருவர். 350.
பி.ஏ.: ஒருவர், 100.
எஸ்.பி.: ஒருவர், 100.
ஐ.பி.: முழுநேரம் ஒருவர், ஒரு பாடம் எடுப்பவர் இருவர். 150.
அடிஷனல்: ஒரு பாடம் எடுப்பவர் ஒருவர், இரண்டு பாடம் எடுப்பவர் ஒருவர். 75.

மொத்தம் 775. எஸ்.ஏ. 350-ஐ 775-ஆல் வகுத்தால் 45.2 சதவீதம். நான்கு வகையும் சேர்ந்து 700, அதாவது 90.3 சதவீதம். இரண்டும் தேறின. இதே துறையில் தலையை எண்ணினால் 11 பேரில் 4 பேர், 36.4 சதவீதம் என்று வந்து வீணாகப் பதறியிருப்பீர்கள்.

இப்போது முழுநேர எஸ்.ஏ. ஒருவருக்கு வெளியீடு நின்றுபோய் அடிஷனலுக்கு இறங்குகிறார் என்று வையுங்கள். எஸ்.ஏ. 250, அதாவது 32.3. தகுதி பெற்றவர் மொத்தம் 600, அதாவது 77.4. ஒரே ஆள், இரண்டு வரம்பும் உடைந்தது. அவரே ஆலோசனைப் பணிச் சான்றோடு பி.ஏ.-வுக்குப் போயிருந்தால் எஸ்.ஏ. மட்டும்தான் உடைந்திருக்கும், 90.3 அப்படியே நிற்கும். சிறிய துறைகளில் ஒவ்வொருவரும் எந்த ஆண்டு எந்த வகையிலிருந்து நழுவக்கூடும் என்று மூன்றாண்டு முன்னோக்கிய அட்டவணை ஒன்று போட்டு வையுங்கள். ஆய்வுக்குழு கேட்காது, ஆனால் உங்களுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

இந்தக் கணக்கைக் காட்டும் ஏஏசிஎஸ்பி படிவமான அட்டவணை 3-1-இல் போட வேண்டியது, கடைசியாக முடிந்த வழக்கமான கல்வியாண்டின் விவரம். அடுத்த ஆண்டு சேரப்போகிறவரை உள்ளே நுழைக்காதீர்கள். முனைவர் பட்ட மாணவர் வகுப்பெடுத்தால் கற்பிக்கும் பங்கு மட்டுமே கணக்கு. அவருடைய சொந்தப் படிப்பு சேராது.

கேள்வி: முழுநேர ஆசிரியர் எல்லோரும் 'பார்ட்டிசிபேட்டிங்', பகுதிநேரம் எல்லாம் 'சப்போர்ட்டிங்'. சரிதானே?

சரியில்லை. பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து, மாணவர்களுக்கு வழிகாட்டி, பள்ளியின் முடிவுகளில் பங்கெடுக்கும் பகுதிநேர ஆசிரியர் பார்ட்டிசிபேட்டிங் ஆகலாம். வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடும் முழுநேர ஆசிரியர் சப்போர்ட்டிங் ஆகலாம். பங்கேற்பு என்றால் என்ன என்று பள்ளி எழுதி வைத்திருக்க வேண்டும்.

வரம்பு: பள்ளி முழுவதும் கற்பித்தலில் 75 சதவீதம், ஒவ்வொரு துறையிலும் 60 சதவீதம் பார்ட்டிசிபேட்டிங் ஆசிரியர்களால் நடக்க வேண்டும். இங்கே நேர சதவீதம் இல்லை, கற்பித்தல் அளவு. மாணவர் எண்ணிக்கையைக் கிரெடிட்டால் பெருக்குவது ஒரு வழி. ஒரு துறையில் மொத்தம் 2,400, அதில் பார்ட்டிசிபேட்டிங் 1,440 என்றால் சரியாக 60. ஒருவர் விடுப்பில் போய், 40 மாணவர் உள்ள 3 கிரெடிட் வகுப்பு ஒன்றை வெளியாள் எடுத்தால் 120 கைமாறி 55-க்கு இறங்கிவிடும். கால அட்டவணை போடுகிறவர் இந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: வங்கியில் 25 வருட அனுபவம், முதுகலை இல்லை. ஐ.பி. ஆக முடியுமா?

வழக்கமான எதிர்பார்ப்பு, கற்பிக்கும் பாடத்தோடு தொடர்புள்ள முதுகலைப் பட்டமும், பணியில் சேரும்போது கணிசமான காலமும் பொறுப்பும் உள்ள அனுபவமும். முதுகலை இல்லாவிட்டாலும், அனுபவத்தின் ஆழமும் சிக்கலும் அந்தக் குறையை ஈடு செய்தால் விதிவிலக்கு உண்டு. "25 ஆண்டு வங்கி அனுபவம்" என்று ஒற்றை வரி போதாது. எவ்வளவு பெரிய கடன் தொகுப்பை நிர்வகித்தார், எத்தனை பேர் அவருக்குக் கீழே, எந்த முடிவு அவர் கையெழுத்தில் போனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஒருவருக்கு எழுதினால் விதிவிலக்கு. எட்டுப் பேருக்கு எழுதினால் உங்கள் ஆளெடுப்பு முறையையே கேள்வி கேட்பார்கள்.

அதோடு, ஓய்வு பெற்று ஏழெட்டு ஆண்டு ஆகியிருந்தால் பழைய அனுபவம் மட்டும் தாங்காது. ஐ.பி.-க்கும் அண்மைத் தொடர்பு வேண்டும்.

கேள்வி: கணிதத்தில் பிஎச்டி. பிசினஸ் அனலிட்டிக்ஸ் நடத்துகிறேன். எஸ்.ஏ. வருமா?

வரும், ஆனால் பட்டத்துக்கும் பாடத்துக்கும் இடைவெளி கூடக் கூட, கற்பிக்கும் துறையில் ஆராய்ச்சிச் சான்றும் கூட வேண்டும். உங்கள் கட்டுரைகள் முழுக்கத் தூய கணிதமாக இருந்தால் சிக்கல். தேவை முன்கணிப்பு, விலை நிர்ணயம் போன்றவற்றைத் தொடும் வெளியீடுகள் இருந்தால் பேச்சே இல்லை.

கேள்வி: எஸ்.ஏ. 38 சதவீதம்தான் இருக்கிறது. அங்கீகாரம் போய்விடுமா?

தானாகப் போகாது. வரம்புகள் "வழக்கமாக" என்ற சொல்லோடுதான் வருகின்றன. ஏன் குறைந்தது, கற்றல் விளைவுகள் பாதிக்கப்படவில்லை என்பதற்கு என்ன சான்று, எந்த ஆண்டுக்குள் சரியாகும்: இதை நீங்களே அறிக்கையில் முந்திக்கொண்டு சொல்லுங்கள். எண்ணை மறைக்க ஒருவரை இழுத்து எஸ்.ஏ.-வில் போடுவதுதான் உண்மையில் ஆபத்து.

கேள்வி: பழைய கோப்புகளில் ஏ.க்யூ., பி.க்யூ. என்று இருக்கிறதே?

2013-க்கு முந்தைய முறை. அகாடமிக்கலி, புரொபஷனலி குவாலிஃபைடு என்று இரண்டே வகை. 2013-இல் அது நான்கானது. ஏ.க்யூ. எல்லாம் எஸ்.ஏ. என்று அப்படியே மாற்றி எழுதாதீர்கள். அவர்களில் சிலர் இன்றைய கணக்கில் பி.ஏ.

கேள்வி: ஆய்வுக்குழு சிவிக்களைப் புரட்டும்போது எதைத் தேடும்?

அட்டவணையும் சிவியும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் முதலில். அட்டவணையில் எஸ்.பி., சிவியில் கடைசிக் கட்டுரை ஒன்பது ஆண்டு பழையது என்றால், அங்கிருந்து எல்லாச் சிவியையும் நிதானமாகப் படிக்க ஆரம்பிப்பார்கள். பட்டம் வழங்கிய ஆண்டு விடுபட்டிருப்பது, "விரைவில் வெளிவரும்" என்று நான்கு ஆண்டாக நிற்கும் கட்டுரை, "பல நிறுவனங்களுக்கு ஆலோசகர்" என்ற பொத்தாம்பொது வரி: இவை மூன்றும் அடிக்கடி அகப்படுபவை. ஆலோசனைப் பணி என்றால் நிறுவனம், வேலையின் தன்மை, தொடங்கிய மாதம், முடிந்த மாதம், பணி ஆணையின் நகல்.

எல்லோருக்கும் ஒரே வடிவச் சிவி கொடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். சிவியின் முதல் பக்கத்திலேயே வகை, அதற்கான காரணம் இரண்டு வரியில், அந்த வகை எந்த மாதம் வரை செல்லும் என்ற தேதி, மூன்றும் இருக்கட்டும்.