பழைய மஸ்டாங்கின் ஸ்டீயரிங் பெட்டிக்குப் பாகம் தேடும் தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமாக இது. அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது. வெகுநாள் ஆசைப்பட்டு ஒரு 1966 மஸ்டாங் வாங்கியாயிற்று. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, நேர்சாலையில் போகும்போதே ஸ்டீயரிங் மூன்று விரற்கடை சும்மா ஆடுகிறது. ஸ்டீயரிங் கம்பியின் கீழ்முனையில் இருக்கும் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யப் பாகம் கேட்டுக் கடைக்குப் போனால், என்ஜின் என்னவென்று கேட்கிறார்கள். "ஸ்டீயரிங்குக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா? எங்கே போய்த் தேடுவது?"

முதலில் அந்த என்ஜின் விஷயம். கவுண்டரில் நிற்பவரின் கம்ப்யூட்டர் வருடம், கம்பெனி, மாடல், என்ஜின் என்று வரிசையாகக் கேட்கும். நான்கையும் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவரைக் கோபித்துப் பயனில்லை. தவிர, பெட்டிக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் மற்றதற்கு உண்டு. ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் டை ராடு, அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பி, வேறு; வி8 வண்டியின் டை ராடு வேறு. ஊரில் தேய்ந்த பாகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார். இங்கே அந்தப் பழக்கம் போய்விட்டது. எண்ணோடு போக வேண்டும், இல்லையென்றால் அளவோடு போக வேண்டும்.

அதற்கும் முன்னால், ஆட்டம் பெட்டியில்தானா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் யாரையாவது ஸ்டீயரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே பிட்மேன் ஆர்மைப் பாருங்கள், அதுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்து சக்கரக் கம்பிகளை அசைக்கும் கை. ஷாஃப்ட் திரும்பியும் ஆர்ம் அசையாமல் நின்றால் பெட்டிதான். ஆர்ம் உடனே அசைந்து சக்கரம் தாமதித்தால் ஐட்லர் ஆர்ம் (மறுபக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் கை), டை ராடு முனைகள் பக்கம் தேடுங்கள். பெட்டியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். அதை இறுக்கியதோடு வேலை முடிந்தவர்களும் உண்டு.

சரி, பெட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். உடனே புதுப் பெட்டி வாங்காதீர்கள், "ரீபில்ட்" பெட்டியும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். இந்த ஊர் வழக்கத்தில் "கோர் சார்ஜ்" என்று ஒன்று உண்டு. விலைக்கு மேல் ஒரு முன்பணம் வாங்குவார்கள், பழைய பெட்டியை அனுப்பினால் அதைத் திருப்பித் தருவார்கள். பணம் திரும்புகிறதே என்று சந்தோஷமாக என் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டேன். வந்தது பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்த பெட்டி. மாட்டி ஓட்டினால் பழையபடி ஆட்டம், போதாக்குறைக்கு நடுவில் ஒரு பிடிப்பு. பிரித்துப் பார்த்தேன். சீல் புதிது, பெயிண்ட் புதிது. உள்ளே வார்மில், அதாவது ஸ்டீயரிங் கம்பியின் முனையில் இருக்கும் திருகுமரைத் துண்டில், பேரிங் ஓடும் இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அனுப்பிய என் பெட்டியின் வார்ம் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் இருப்பதில் வார்ம் ஷாஃப்ட், செக்டர் ஷாஃப்ட் (பிட்மேன் ஆர்மைத் திருப்பும் பல்லுள்ள தண்டு) இரண்டும்தான் பெரிய பாகங்கள். பேரிங், புஷ், சீல், பால்ரஸ் (எஃகுக் குண்டுகள்), கேஸ்கெட் எல்லாம் எங்காவது கிடைத்துவிடும். அதனால் முதலில் பிரியுங்கள். அந்த இரண்டும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்த பிறகு தேட ஆரம்பியுங்கள்.

பிரிக்கும் முன், கவர் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்குகிறதா பாருங்கள். உங்கள் வருடத்துப் பெட்டியில் "எச்சிசி" (HCC) என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகத் திரும்பும் 16:1 பெட்டியா, மெதுவான 19:1 வகையா என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும். தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாகம் வாங்கும் முன் வெர்னியரை (நுணுக்கமாக அளக்கும் அளவுகோல்) எடுத்து அளக்க வேண்டியதுதான். உங்கள் செக்டர் ஷாஃப்டின் விட்டம் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். பின்னால் வந்த வண்டிகளில் 1⅛ அங்குலம், 28.6 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்து ஏமாறுவது சுலபம். இங்கே எல்லாம் அங்குலக் கணக்கு, பின்னம் வேறு. இரண்டு அளவும் காட்டும் வெர்னியராக வாங்குங்கள்.

ஸ்டீயரிங் வீலைக் கழற்றவும் பிட்மேன் ஆர்மைக் கழற்றவும் தனித்தனிப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். விலைக்கு வாங்க வேண்டாம். ஆட்டோசோன், ஓரைலி மாதிரிக் கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துவந்து, வேலை முடிந்ததும் கொடுத்து முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம். எனக்கு இது தெரியவே மூன்று வருடம் ஆனது. இன்னொன்று, அபார்ட்மெண்டில் இருந்தால் பார்க்கிங்கில் வண்டி வேலை பார்க்கலாமா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். பல இடங்களில் கூடாது என்றே எழுதியிருப்பார்கள். பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மேஜை வேலைதான்.

வார்மின் மேல் பால்ரஸ் மீது ஓடும் நட்டைப் பிரிக்கும்போது விளிம்பு உள்ள ஒரு தட்டை அடியில் வையுங்கள். பால்ரஸ் சுற்றி வரும் வழிகாட்டிக் குழாயின் கிளிப்பைக் கழற்றி நட்டைக் கவிழ்த்து, ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்பினால் பால்ரஸ் கிரீஸோடு ஒவ்வொன்றாகச் சொட்டும். எண்ணி எழுதிவையுங்கள், எந்தப் பக்கக் குழாயில் எத்தனை என்றும் சேர்த்து. மண்ணெண்ணெயில் கழுவி, மைக்ரோமீட்டரில் பத்தையாவது அளந்து பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தாலும் மொத்த செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பெரிய குண்டுகள் மட்டுமே சுமையைத் தாங்கும். திரும்பப் பூட்டியபின் ஷாஃப்டைச் செங்குத்தாகப் பிடித்தால், நட்டு தன் எடையிலேயே சுழன்றபடி கீழே இறங்க வேண்டும். நடுவில் நின்றால் எங்கோ கோளாறு.

பாகம் தேடுவது இனி எளிது. சீலுக்கு ஷாஃப்ட் விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவு. பேரிங்கிலும் அதன் கிண்ணத்திலும் பொறித்த எண். இவற்றோடு தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடைக்குப் போங்கள். கார் உதிரிக் கடையில் "இல்லை" என்ற சாமான் அங்கே அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். பால்ரஸும் அங்கேயே கிடைக்கும். புஷ், கேஸ்கெட், செக்டர் ஷாஃப்ட் போன்றவற்றுக்கு நேஷனல் பார்ட்ஸ் டிப்போ மாதிரி பழைய வண்டிக்காரர்களுக்கென்றே இருக்கும் கடைகள்.

வார்ம் போய்விட்டதென்றால்தான் அலைச்சல். உங்கள் வருடத்தில் வார்மும் ஸ்டீயரிங் வீல் வரை போகும் நீளக் கம்பியும் ஒரே துண்டு. மஸ்டாங்கை ஃபோர்டின் ஃபால்கன் வண்டியின் அடித்தளத்தில்தான் கட்டினார்கள். அதனால் ஃபால்கன் பெட்டி உறவுக்காரன், ஆனால் கம்பியின் நீளத்தை முனைக்கு முனை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். நீளம் போதவில்லை, வெட்டி வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பழைய வண்டிச் சந்தைகளில் தேடலாம். பென்சில்வேனியாவில் ஹெர்ஷியில் அக்டோபரில் நடப்பது பெரிது, கார்லைலில் வசந்தத்திலேயே ஒன்று உண்டு. மேற்கே என்றால் கலிபோர்னியாவின் பொமோனா. அங்கே பெட்டியைக் கையில் எடுத்ததும் ஷாஃப்டை இரண்டு விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பட்டு மாதிரி ஓட வேண்டும். மணல் அரைபடுவது போல் இருந்தால் கீழே வைத்துவிடலாம். கிடைத்த ஷாஃப்டை மெஷின் ஷாப்பில் மேக்னாஃப்ளக்ஸ் என்ற காந்தச் சோதனைக்குக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் தெரிந்துவிடும்.

கடைசி அட்ஜஸ்ட்மெண்டில் அவசரப்படாதீர்கள். முதலில் வார்ம் பேரிங், பிறகுதான் மேலே இருக்கும் செக்டர் திருகு. அந்தத் திருகின் தலைக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் இடைவெளி 0.002 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் ஷிம்மை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையத் தகடு) மாற்றுங்கள். திருகை இறுக்கும்போது பெட்டி சரியாக நடுவில் இருக்க வேண்டும், பிட்மேன் ஆர்ம் கழன்றிருக்க வேண்டும். ஓரத்தில் வைத்து ஆட்டத்தை எடுத்தால் நடுவில் இறுகிக்கொள்ளும். எனக்கு வந்த பெட்டியில் செய்திருந்தது அதைத்தான். ஷாஃப்டைத் திருப்ப எத்தனை அங்குல பவுண்ட் (முறுக்கு விசையின் அளவு) வேண்டும் என்பது 1966 ஷாப் மேனுவலில் இருக்கிறது, மறுபதிப்பு விற்கிறார்கள். 8 அங்குல ஆரம் உள்ள வீலின் விளிம்பில் 5 அங்குல பவுண்ட் என்றால் 300 கிராமுக்கும் குறைவான இழுப்பு. மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசை விளிம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள், எவ்வளவு லேசு என்று புரியும்.

தகட்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று எழுதுங்கள் தம்பி. பெட்டியை எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள்.