2011-இல் வீசிய ‘தானே’ புயலில் விழுந்த கொல்லைத் தேக்கின் அடித்துண்டு இருக்கிறது. அதன் வளையங்களை வைத்துக் கடலூரின் பழைய கோடை வெப்பத்தைக் கணக்கிட முடியுமா?

வெப்பத்தை முடியாது. மழையைப் பற்றி ஓரளவு சொல்லலாம்.

மரத்துக்கு எது பற்றாக்குறையோ அதைத்தான் வளையம் காட்டும். நம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீர்தான் குறையும். மாசி பங்குனியில் இலையுதிர்த்து நிற்கும் தேக்கு, மண்ணில் ஈரம் ஏறிய பிறகே மும்முரமாகக் கட்டை போடும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடித்தாலும் அந்தச் சூட்டுக்கு வளையத்தில் தனிக் கணக்கு கிடையாது.

கோடை வெப்பத்துக்குக் குளிரின் எல்லையில் வளரும் ஊசியிலை மரங்கள் வேண்டும்: வட ஸ்காண்டிநேவிய பைன், ஆல்ப்ஸ் மலை லார்ச் போன்றவை. அங்கே கோடை நன்றாகச் சூடேறினால், பருவக் கடைசியில் உருவாகும் செல்களின் சுவர் தடித்துக் கட்டை அடர்த்தியாகும். அகலத்தைவிட இந்த அடர்த்திதான் நல்ல சாட்சி. எக்ஸ்ரேயில் அளப்பார்கள், ஸ்கேனர் படத்தில் நீல ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது மலிவான வழி. ஆனால் பிசினை முதலில் கரைத்து எடுக்க வேண்டும். மரத்தின் நடுவில் உள்ள வைரக் கட்டைக்கும் வெளிக்கட்டைக்கும் உள்ள நிற வேறுபாடும் பொய்யான வெப்பப் போக்கைக் காட்டிவிடும்.

ஒரு மரத்தை நம்பவும் கூடாது. ஓரிடத்தில் 20 மரமாவது, மரத்துக்கு இரண்டு இடத்தில் துளைத்து மெல்லிய கட்டை மாதிரி எடுத்து, குறுகிய வளையங்களின் வரிசையை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். ஒரு வருடத்துக்கு விடுபட்ட வளையமும், ஒரே வருடத்தில் கூடுதலாகத் தோன்றும் போலி வளையமும் அப்போதுதான் பிடிபடும். பிறகு வயதால் வளையம் குறுகுவதைக் கழித்து, வானிலைப் பதிவின் ஒரு பாதியோடு இணைத்து, மறுபாதியில் சோதிப்பார்கள்.

உங்கள் துண்டை 120-இல் தொடங்கி 600 நம்பர் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். உண்மையான வளையம் தொடங்கும் இடத்தில் ஊசி குத்தியது போலப் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். எல்லை பளிச்சென்று தெரியும். போலி வளையம் இருபுறமும் மெல்ல மங்கும். ஆடியில் பெய்து, இடையில் காய்ந்து, ஐப்பசியில் கொட்டும் ஊரில் இதை எதிர்பார்த்தே எண்ண வேண்டும்.

வேரோடு சாய்ந்து அப்போதே பட்டுப்போன மரமென்றால் பட்டையை ஒட்டிய வளையம் 2011-க்குரியது. அங்கிருந்து உள்நோக்கி எண்ணுங்கள். பட்டை கழன்றிருந்தால் வெளி வளையங்கள் சிலவும் போயிருக்கலாம். அப்போது எந்த வருடமும் உறுதியில்லை.