‘மா’ என்றால் தமிழிலும் குதிரை, சீனத்திலும் குதிரை. இரண்டும் உறவா?

இல்லை, தற்செயல்தான். தமிழில் ‘மா’வுக்கு மாமரம், அரைத்த மாவு, விலங்கு, பெரிய என்று ஏகப்பட்ட பொருள். குதிரை அவற்றில் ஒன்று, அதுவும் இன்று செய்யுளில் மட்டும். தஞ்சைப் பக்கம் ஒரு மா என்றால் ‘வேலி’ என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கு, சுமார் 33 சென்ட். யாழ்ப்பாணத்துக் கடையில் ஒரு கிலோ மா கேட்டால் கோதுமை மாவை நிறுத்துத் தருவார்கள்.

மாண்டரின் சீனத்தில் பொருளைப் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கம். உயர்த்தி மட்டமாகச் சொன்னால் அம்மா. மேலே ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது! (அம்மாவைக் கூப்பிடும்போது கொஞ்சம் கவனம் தேவை.)

சரி, உறவு இல்லை என்று எப்படிச் சொல்கிறோம்? உறவுள்ள சொற்கள் காலத்தில் பின்னே போகப் போக நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன: சீனக் குதிரைச் சொல்லின் பழைய வடிவத்தில் ‘ர’ ஒலியும் இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மற்றபடி, உதட்டை மூடித் திறந்தாலே ‘மா’ வந்துவிடும். இவ்வளவு எளிய ஒலியை எந்த மொழிதான் விட்டுவைக்கும்? அரபியில் ‘மா’ என்றால் ‘என்ன’, ஜப்பானியத்தில் இடைவெளி. குழந்தையின் முதல் மழலையும் இதுதான் என்பதால் பல மொழிகளில் அம்மாவுக்குப் போய்விட்டது. ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’.